பழைய கூப் காருக்கு லம்போ டோர்: பில்லரிலிருந்து தொடங்க வேண்டிய வேலை

மேலே தூக்கித் திறக்கும் கதவுக்குக் கடலூர், புதுச்சேரிப் பட்டறைகளில் ஒரே பெயர்தான்: லம்போ டோர். பெயர் வந்த வழியும் தெரிந்ததே. மார்செல்லோ காண்டினி வடிவமைத்த ஆல்ஃபா ரோமியோ கராபோ என்ற 1968-ஆம் ஆண்டுக் காட்சி வண்டியில் இந்தக் கதவு வந்தது. 1974-இல் விற்பனைக்கு வந்த லம்போர்கினி கவுன்டாக் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அந்தக் கதவு நேராக மேலே எழும். சாதாரணக் கூப் (இரண்டு கதவு) வண்டியில் நாம் பொருத்தும் கீல் மாற்றும் கிட்டில் அப்படி நடக்காது. கதவு முதலில் 15 முதல் 20 டிகிரி வரை வெளியே விலகும், அதற்குப் பிறகுதான் மேலே போகும்.

இந்த வேலையில் பணம் போவது கிட்டுக்கு. கதவைத் தாங்குவதோ பில்லர், அதாவது கீல் பொருந்தும் பாடித் தூண். கிட்டைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, துருப்பிடித்த பில்லரில் அதை முடுக்கியதால் கெட்ட வண்டிகள்தான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டியிலும் பில்லருக்கே நிறைய இடம்.

முதலில் சட்டம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கும் தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். மத்தியச் சட்டம் என்பதால் கடலூரின் டிஎன் 31 பலகைக்கும் புதுச்சேரியின் பிஒய் 01 பலகைக்கும் இதில் வித்தியாசம் கிடையாது. எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்ற கணக்கு செல்லாது. விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனமும் இந்த மாற்றத்தைக் காட்டிக் கையை விரிக்கலாம்.

ஆகவே இதைக் கண்காட்சிக்கும் தனியார் வளாகத்துக்குமான வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய கீல், போல்ட், கதவு நிறுத்திப் பட்டை மூன்றையும் எண்ணெய் தடவி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். 15 வருடம் முடிந்த வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கும்போது பழைய கதவோடுதான் நிற்க வேண்டியிருக்கும். கீழே சொல்லும் முறை முழுவதும் பழைய நிலைக்குத் திரும்ப வழி வைத்தே எழுதப்பட்டது.

எந்த வண்டி

இரண்டு கதவு வண்டி நம் ஊரில் அரிது. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, 2003-இல் வந்த மூன்று கதவு ஜென், அதற்கு வெளியே இறக்குமதியான பழைய ஜப்பான், ஜெர்மனி கூப்கள், பெரும்பாலும் அவ்வளவுதான்.

ஹெரால்டை வெட்ட நினைப்பவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். 50 வருடம் கடந்து, பெரிய மாற்றம் ஏதுமின்றி அசல் வடிவில் இருக்கும் வண்டியைத்தான் 2021-இல் வந்த விதி வின்டேஜ் என்று ஏற்கிறது. பில்லரை வெட்டிய ஹெரால்டு அந்தத் தகுதியை இழக்கும். வேலை என்ற முறையிலும் அது சுலபமில்லை. மட்கார்டும் பானட்டும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். பாடி தனிச் சேஸிஸ் மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். பாடிக்கு அடியில் இருக்கும் பேக்கிங் நசுங்கினாலே கதவு இடைவெளி மாறிவிடும். எங்கள் கருத்து: ஹெரால்டை விட்டுவிடுங்கள். ஃபைபர் பாடி வண்டிகளுக்கும் இந்த முறை பொருந்தாது.

கதவுக் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் இல்லாத கூப் என்றால் வேலை பாதி சுலபம். சட்டம் இருந்தால் அதன் மேல் மூலை, கதவு எழும்போது முன்னோக்கிச் சரிந்து வரும். அதற்கு வழி விட, கதவு இன்னும் கொஞ்சம் வெளியே விலகியாக வேண்டும்.

வண்டியைத் தேர்ந்த பிறகு முன் மட்கார்டைக் கழற்றாமல் பேரம் முடிக்காதீர்கள். கடலோரத்தில் ஓடிய வண்டியில் ஏ பில்லரின் (கதவுக்கு முன்னால் உள்ள தூண்) அடிப்பகுதியும் சில் பட்டையும் (கதவுக்குக் கீழே ஓடும் பட்டை) சேரும் மூலையில்தான் மண்ணும் உப்பும் தங்கும். வெளியே பளபளப்பாக இருக்கும். சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், துருவோ பட்டியோ (பள்ளம் நிரப்பும் பூச்சு) மொத்தென்று அடங்கும். காந்தம் ஒட்டாத இடம் பட்டி. திருப்புளி முனை உள்ளே இறங்கினால் கதவு வேலையை மறந்து முதலில் டிங்கரிங் பாருங்கள்.

வாங்க வேண்டியவை

வண்டி மாடலுக்கென்றே செய்த கிட் கிடைத்தால் அதுவே நல்லது. பழைய கூப்புக்குப் பெரும்பாலும் யுனிவர்சல் கிட்தான் கிடைக்கும். அதில் கீல் இயந்திரம் இடம், வலம் என இரண்டும், சரிசெய்யும் போல்ட்களும் இருக்கும். பில்லர் தகட்டையும் கதவுத் தகட்டையும் நீங்கள்தான் வெட்டிக்கொள்ள வேண்டும். புதுச்சேரியின் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் அட்டை மாதிரி கொண்டுபோய்க் கொடுத்தால் வெட்டித் தருவார்கள். இரண்டு கதவுக்கும் சேர்த்து:

8 மி.மீ. இரும்புத் தகடு, பில்லர் பக்கம் 2, கதவுப் பக்கம் 2.
3 மி.மீ. தகடு, பில்லருக்குள் வைக்க 400 மி.மீ. உயரத்தில் 2, கதவுக்குள் வைக்க 2.
எம் 10 (10 மி.மீ. விட்டம்) போல்ட், 8.8 தரம் (வலுவின் குறியீடு), 16. தட்டை வாஷர், நைலாக் நட்டு.
கேஸ் ஸ்ட்ரட் (கதவைத் தூக்கிப் பிடிக்கும், வாயு அடைத்த குழாயும் தண்டும்) 2. அளவைக் கணக்குப் போட்ட பிறகே வாங்க வேண்டும்.
ஜிங்க் பிரைமர், சீம் சீலர் (தகட்டு இணைப்பை அடைக்கும் பசை), கேவிட்டி வேக்ஸ் (பில்லருக்குள் அடிக்கும் துருத்தடுப்பு மெழுகு).
வயர் 5 மீட்டர், ஹீட் ஷ்ரிங்க், ரப்பர் குழாய்.

துருப்பிடிக்காது என்று நம்பி எவர்சில்வர் போல்ட் போடாதீர்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ரகம் 8.8-ஐ விட வலு குறைவு. முடுக்கும்போது மரை ஒன்றோடொன்று பிடித்துக்கொள்வதும் உண்டு.

கழற்றும் முன் அளவு

வண்டி நான்கு சக்கரத்தில் சமதரையில் நிற்கட்டும். ஜாக்கி மேல் இருக்கும் வண்டியில் எடுத்த அளவு பொய். கதவைச் சுற்றி 8 இடத்தில் இடைவெளியை அளந்து மாஸ்கிங் டேப்பில் எழுதி அங்கேயே ஒட்டுங்கள். அடுத்து, பழைய கீல் இருக்கும்போதே கீல் இலை வழியாகப் பில்லருக்குள் 3 மி.மீ. துளை இரண்டு போடுங்கள். பின்னால் பழைய கீலை மாட்டும்போது இந்தத் துளையில் ஆணியை நுழைத்தால் கதவு பழைய இடத்திலேயே உட்காரும்.

இப்போதே கீல் தேய்மானமும் பாருங்கள். திறந்த கதவின் பின் முனையைத் தூக்கினால் ஆட்டம் தெரிகிறதா? அது கீல் பின்னிலா, பில்லர் தகடே நெளிகிறதா என்பது முக்கியம். பில்லர் நெளிந்தால் அங்கே வெடிப்பு இருக்கிறது.

கதவைக் கழற்றியதும் எடை போடுங்கள். குளியலறைத் தராசு போதும். கண்ணாடி, லாக், அட்டை எல்லாம் கதவிலேயே இருக்க வேண்டும். பழைய கூப் கதவு 25 முதல் 40 கிலோ வரை வரும். பிறகு ஒரு பைப் மேல் கதவைப் படுக்க வைத்து, எந்த இடத்தில் சமநிலையில் நிற்கிறதோ அந்த இடம் கீலிலிருந்து எத்தனை செ.மீ. என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு எண் இல்லாமல் ஸ்ட்ரட் வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு செருப்பு வாங்குவதற்குச் சமம்.

பில்லர்

பழைய கதவு இரண்டு கீலில் தொங்குகிறது. இரண்டுக்கும் நடுவே 350 மி.மீ. இடைவெளி என்று வைப்போம். கதவு 30 கிலோ, எடை மையம் கீலிலிருந்து 55 செ.மீ. என்றால் திருகு விசை சுமார் 162 நியூட்டன் மீட்டர். இதைத் தாங்க மேல் கீலில் இழுவையும் கீழ்க் கீலில் தள்ளுதலும் தலா 460 நியூட்டன். லம்போ கிட்டில் எல்லாம் ஒரே தகட்டில். அதன் மேல் போல்ட்டுக்கும் கீழ்ப் போல்ட்டுக்கும் 150 மி.மீ.தான் இருக்கும் என்றால் அதே திருகு விசைக்கு 1,080 நியூட்டன். இரண்டே கால் மடங்குக்கு மேல். பழைய பில்லரின் வெளித் தகடு 1 மி.மீ. சுற்றளவில்தான் இருக்கும். முதல் மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு கதவு தொங்கத் தொடங்கும். அடுத்ததாகப் போல்ட் துளையைச் சுற்றிப் பெயின்ட் மயிரிழையாக வெடிக்கும். அதற்குப் பின் தகடே கிழியும்.

வலுவூட்டும் 3 மி.மீ. தகட்டைப் பில்லருக்கு வெளியே ஒட்டுவது சுலபம், ஆனால் தவறு. பழைய கீலை மறுபடி மாட்டும்போது அது 3 மி.மீ. தள்ளி நிற்கும். உள்ளேதான் வைக்க வேண்டும். காலடிப் பக்கப் பேனலைக் கழற்றினால் பல வண்டிகளில் பில்லருக்குள் கை விடும் அளவு துளை இருக்கும். இல்லாவிட்டால் உள்பக்கத் தகட்டில் மூன்று ஓரம் மட்டும் வெட்டி, கதவு போல மடித்துத் திறந்து வேலை முடிந்ததும் மூடிப் பற்றவையுங்கள்.

செய்யும் வரிசை இது. முதலில் ஏ பில்லருக்கும் பி பில்லருக்கும் (கதவுக்குப் பின்னால் உள்ள தூண்) நடுவே மேலே ஒன்று, கீழே ஒன்று என இரும்புக் குழாயை டேக் (தற்காலிகச் சிறு பற்றவைப்பு) வைத்துக் கட்டுங்கள். வெல்டிங் சூட்டில் வாசல் சுருங்கினால் பிறகு எந்தக் கிட்டும் சரிசெய்யாது. 3 மி.மீ. தகட்டில் எம் 10 நட்டுகளை முன்பே பற்றவைத்துக்கொள்ளுங்கள். வெளித் தகட்டில் 40 மி.மீ.க்கு ஒன்றாக 8 மி.மீ. துளை போட்டு, உள்தகட்டை அதன் போல்ட்களாலேயே இழுத்து இறுக்கி, துளைகளை சிஓ2 வெல்டிங்கில் நிரப்புங்கள். ஒரே மூச்சில் வரிசையாக நிரப்பக் கூடாது. மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆறவிட்டு நடுவே ஒன்று. தகட்டின் அடிமுனை சில் பட்டை வரை இறங்கி அதோடு சேர வேண்டும். பில்லர் வாங்கும் சுமை தரைச் சட்டத்துக்குப் போக வழி அதுதான்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். முன் கண்ணாடி ரப்பர் மேல் ஈரச் சாக்கு போடுங்கள். கார்பெட்டும் ஒலித்தடுப்புத் தாரும் தீப்பிடிக்கும், ஆகவே ஒருவர் உள்ளே தண்ணீரோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இங்கிலாந்து வம்ச வண்டியில் பழைய மரைகள் இஞ்ச் அளவு. கால் இஞ்சுக்கு அடுத்த 5/16 மரையில் எம் 8 போல்ட் முதல் இரண்டு சுற்று ஏறிவிடும், விட்டம் ஏறக்குறைய ஒன்றே என்பதால். மரையின் இடைவெளி வேறு. வலுக்கட்டாயமாக முடுக்கினால் நட்டு பாழ்.

பொருத்தி மட்டம் பார்ப்பது

மட்கார்டு இல்லாமல், ஸ்ட்ரட் இல்லாமல், இரண்டு பேர் சேர்ந்து கதவை மாட்டுங்கள். கதவுத் தகடு உட்காரும் இடத்திலும் உள்ளே 3 மி.மீ. தகடு வேண்டும். கதவு ஓரத் தகடு பில்லரை விட மெல்லியது. கதவு நிறுத்திப் பட்டையைக் கழற்றி அதன் துளையை ரப்பர் மூடியால் அடைத்துவிடுங்கள்.

கதவுக்கு அடியில் ஜாக்கி, அதன் மேல் மரக்கட்டை, துணி. மூடிய நிலையில் முதலில் உயரம், பிறகு முன்பின், கடைசியாக உள்வெளி. ஒன்றைத் திருப்பினால் மற்றொன்று அசையும் என்பதால் மூன்று சுற்றாவது போக வேண்டும். இந்தக் கட்டத்தில் பொறுமை இழந்து பி பில்லரில் உள்ள லாக் கொக்கியை நகர்த்திக் கதவைத் "தூக்கி" உட்கார வைப்பவர்கள் உண்டு. கொக்கி கதவைப் பிடிக்க மட்டுமே, தூக்க அல்ல. அப்படி விட்டால் லாக் சீக்கிரம் தேயும். வண்டி குழியில் விழும்போது கதவு திறந்துகொள்ளும் ஆபத்தும் உண்டு. கொக்கியைக் கழற்றி வைத்தே மட்டம் பாருங்கள், கடைசியில் மாட்டுங்கள்.

மூடிய நிலை சரியானதும் போல்ட்களை, இறுக்க அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனரால் இறுக்குங்கள். எம் 10, 8.8 தரத்துக்கு 45 நியூட்டன் மீட்டர், எம் 8-க்கு 25. ஒவ்வொரு தலையிலும் பெயின்ட் கோடு போட்டு வைத்தால் தளர்ந்ததைப் பிறகு கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம்.

இப்போது மட்கார்டை நாலு போல்ட்டில் தற்காலிகமாக மாட்டிக் கதவை மெல்ல வெளியே விலக்குங்கள். கவனிக்க வேண்டியது கதவின் முன் ஓரம். கதவு எழும்போது கீலுக்கு மேலே இருக்கும் பகுதி முன்னோக்கி வரும். அதற்கு முன்பே அந்த ஓரம் மட்கார்டின் வெளிப்பரப்பைத் தாண்டிக் குறைந்தது 10 மி.மீ. வெளியே நிற்க வேண்டும். வெளிவிலகலை நிறுத்தும் போல்ட்டை இதை வைத்துத்தான் அமைக்க வேண்டும். கண்ணால் பார்த்து 10 மி.மீ. என்று சொல்ல வராது. பிசைந்த மைதா உருண்டைகளை ஓரத்தில் ஒட்டி, கதவை மெல்ல ஒருமுறை தூக்கி இறக்குங்கள். நசுங்கிய உருண்டையின் கனமே உங்கள் இடைவெளி.

கீல் கை போய்வர மட்கார்டின் உள்மடிப்பை 25 முதல் 40 மி.மீ. வெட்ட வேண்டி வரும். ஒரே வெட்டாக வெட்டாமல் 10 மி.மீ. வெட்டிப் பொருத்திப் பாருங்கள். மட்கார்டை நாலைந்து முறை கழற்றி மாட்டத்தான் வேண்டும். மடிப்பு போனால் மட்கார்டு ஓரம் தொளதொளக்கும். வெட்டிய இடத்துக்கு முன்னால் 6 மி.மீ. கம்பி ஒன்றை உள்ளே டேக் வைத்தால் நிற்கும். பக்கக் கண்ணாடி மட்கார்டு மேல் இடிக்கிறதா என்றும் இப்போதே பாருங்கள்.

ஸ்ட்ரட் கணக்கு

டிக்கிக்குப் போடும் ஸ்ட்ரட்டை இங்கே போட்டுப் பார்க்கும் பழக்கம் உண்டு. 8 மி.மீ. தண்டு உள்ள ஸ்ட்ரட் சுமார் 800 நியூட்டன் வரைதான் வரும், 10 மி.மீ. தண்டு 1,200 வரை. நமக்கு வேண்டியது 14 மி.மீ. தண்டும் 28 மி.மீ. குழாயும்; அது 2,500 வரை தாங்கும்.

அதே 30 கிலோ கதவு, 162 நியூட்டன் மீட்டர். கீல் மையத்திலிருந்து ஸ்ட்ரட்டின் கோட்டுக்கு நேர்குத்துத் தூரம் 7 செ.மீ. என்றால் கதவைச் சமன் செய்ய 162-ஐ 0.07-ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 2,310 நியூட்டன். கதவு தானே எழ 10 சதவீதம் கூட்டினால் 2,540. ஸ்ட்ரட் மேல் அச்சிட்ட எண் முழுக்க நீண்ட நிலைக்கானது; அமுங்கிய நிலையில் விசை ஏறும். ஏற்றம் 1.3 மடங்கு என்றால் 2,540-ஐ 1.3-ஆல் வகுக்க 1,950. ஆக 2,000 நியூட்டன் ஸ்ட்ரட். ஏற்ற விகிதத்தை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம்.

இனி நம் ஊர் வெயில். ஸ்ட்ரட்டுக்குள் இருப்பது அழுத்தப்பட்ட நைட்ரஜன். விசை 20 டிகிரியில் குறிக்கப்படுகிறது. கத்திரி வெயிலில் நின்ற வண்டியின் தகடு 60 டிகிரிக்குப் போனால் விசை 13 சதவீதத்துக்கு மேல் கூடும். மார்கழி விடியலில் மெல்ல எழும் கதவு, மே மாத மதியம் சட்டென்று எகிறும். ஆகவே குளிர் காலைக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள். "இன்னும் கொஞ்சம் பலமாக" என்று 2,500-க்குத் தாவினால் வெயில் நாளில் மேல் நிறுத்தி அடி வாங்கியே வளையும்.

தண்டு கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினால் உள்ளே உள்ள எண்ணெய் சீல் மேல் தங்கும், ஆயுள் கூடும். ஸ்ட்ரட் அருகே வெல்டிங், துளை, சூடு எதுவும் கூடாது. அது வெடிக்கும்.

ஸ்ட்ரட் மாட்டியதும் இடைவெளிகளை மறுபடி அளக்க மறக்காதீர்கள். இதுவரை கதவு தன் எடையில் கீழே தொங்கியது. இப்போது ஸ்ட்ரட் அதை மேலே தள்ளுகிறது. கீலில் இருக்கும் ஆட்டம் எதிர்ப்பக்கம் போய்விடும். பின் ஓரம் 2 முதல் 4 மி.மீ. வரை உயர்ந்து தெரியும். கிட் பழுது என்று நினைத்து அலைய வேண்டாம், சரிசெய்யும் போல்ட்டிலேயே தீரும்.

ஸ்ட்ரட்டை மட்டும் நம்பிக் கதவுக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. சீல் போனால் 30 கிலோ நேராக இறங்கும். கீல் கையில் 10 மி.மீ. பின் ஒன்று நுழையும்படி துளை வைத்து, கதவு மேலே நிற்கும்போதெல்லாம் அதைப் போடுங்கள். கண்காட்சியில் குழந்தைகள் கட்டாயம் வந்து தொங்குவார்கள்.

வயர், பீடிங், துரு

பில்லரிலிருந்து கதவுக்குப் போகும் வயர் கட்டை 40 முதல் 50 செ.மீ. நீட்ட வேண்டும். எல்லா இணைப்பும் ஒரே இடத்தில் வந்தால் கட்டு தடித்து நசுங்கும். ஒவ்வொன்றையும் 3 செ.மீ. தள்ளிப் போடுங்கள். இணைப்புகள் பில்லருக்குள் இருக்கட்டும், வளையும் பகுதியில் வேண்டாம்.

கடைசிக் கொஞ்ச தூரம் கதவு பழையபடி பக்கவாட்டில்தான் மூடுகிறது. அதனால் பீடிங் ரப்பர் பழையதே போதும். ஒரு ரூபாய் நோட்டை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள், எல்லா இடத்திலும் ஒரே இறுக்கம் தெரிய வேண்டும். பிறகு ஹோஸ் பைப்பில் 10 நிமிடம் தண்ணீர். ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும் என்று இதை விடாதீர்கள்.

கடலூர்க் கடற்கரையான தேவனாம்பட்டினத்துக் காற்றில் நிற்கும் வண்டிக்குத் துருத்தடுப்புதான் ஆயுள். வெல்டிங் செய்த இடம் அன்றைக்கே ஜிங்க் பிரைமர் காண வேண்டும், ஒரு இரவு விட்டாலே செம்மண் நிறம் ஏறும். தகட்டு ஓரங்களில் சீம் சீலர், பெயின்ட் காய்ந்ததும் பில்லருக்குள் கேவிட்டி வேக்ஸ். பில்லரின் அடியில் தண்ணீர் வடியும் துளையை சீலரால் அடைத்துவிடாதீர்கள்.

ஓட்டுவதற்கு முன்

கதவை 50 முறை திறந்து மூடி, பெயின்ட் கோடுகளைப் பாருங்கள். நகர்ந்த கோடு இருந்தால் அந்தப் போல்ட்டை இறுக்கி மறுபடி 50. பிறகு வளாகத்துக்குள் மெல்ல ஓட்டி, இடைவெளிகளை டேப்பில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். 2 மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் போல்ட்டைத் தொடாதீர்கள், உள்பேனலைத் திறந்து பில்லர் வெல்டிங்கைப் பாருங்கள்.

1.2 மீட்டர் நீளக் கதவு 15 டிகிரி விலகினால் பின்முனை 31 செ.மீ. வெளியே வரும், ஆகவே பக்கத்தில் அந்த அளவாவது இடம் வேண்டும். 70 டிகிரி எழுந்த கதவின் உச்சி தரையிலிருந்து சுமார் 1.85 மீட்டர். தகரக் கொட்டகையின் சாய்ந்த பக்கத்தில் நிறுத்தும் முன் அளந்துகொள்ளுங்கள். கடற்கரையில் 60 கி.மீ. வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் கதவில் 17 கிலோ எடை போல அழுத்தும். அந்த நாளில் கதவை மூடியே வையுங்கள்.

வண்டி கவிழ்ந்தால் மேலே திறக்கும் கதவு திறக்காது. மெர்சிடிஸ் எஸ்.எல்.எஸ். வண்டியில் இதற்காகவே கீலை வெடித்துப் பிரிக்கும் ஏற்பாடு வைத்தார்கள். நம்மிடம் அது இல்லை. கையால் சுற்றும் கண்ணாடி இருந்தால் அதை பவர் விண்டோவாக மாற்றாதீர்கள். கண்ணாடி உடைக்கும் சுத்தியலும் பெல்ட் அறுக்கும் கத்தியும் ஓட்டுநர் உட்கார்ந்தபடி எடுக்கும் இடத்தில் கட்டாயம் இருக்கட்டும்.